பச்சை பிடித்த ஸ்பீக்கர் வயர்: கழுவாதீர்கள், வெட்டுங்கள்

தவில்தான் முதலில் காணாமல் போனது. காலை ஆறரை மணிக்கு எங்கள் ஹாலில் நாதஸ்வரம் ஓடும். அந்த ஒலிப்பதிவில் நாதஸ்வரம் நடுவில், தவில் இடப்பக்கம், தாளம் வலப்பக்கம். ஒரு நாள் தவில் ஏதோ பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தில் வாசிப்பது மாதிரி கேட்டது. மறுநாள் அதுவும் இல்லை. சத்தத்தைக் கூட்டினால் ‘கர்ர்’ என்று ஒரு இரைச்சல் வரும், பின்னாடியே தவிலும் வந்துவிடும். குறைத்தால் மறுபடி போய்விடும்.

“ஸ்பீக்கர் போயிடுச்சு. இனிமேலாவது அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடுங்க” என்றாள் என் மனைவி.

பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. சத்தத்தைக் கூட்டும்போது மட்டும் திரும்பி வருகிற ஒலி, பெரும்பாலும் வயர் முனையில் இருக்கிற கோளாறு. செம்பின் மேல் படியும் மெல்லிய ஆக்ஸைடு படலம் சின்ன மின்னழுத்தத்தைத் தடுக்கும். அழுத்தம் கூடினால் படலம் அங்கங்கே உடைந்து வழி விடும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 32 வருடம் சென்னை டெலிபோன்ஸில் கேபிள் ஜாயின்டராக இருந்துவிட்டு, 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் வெளியே வந்தவன் நான். மழைக்காலத்தில் குழிக்குள் உட்கார்ந்து, தண்ணீர் புகுந்த ஜாயின்டைத் திறந்து, பச்சையாகிப்போன நூற்றுக்கணக்கான முனைகளை வெட்டி வெட்டிச் சேர்த்ததுதான் என் வாழ்க்கை.

அப்படிப்பட்டவன் வீட்டில் ஸ்பீக்கர் வயர் எப்படி இருந்தது என்று கேளுங்கள். 2011-இல் இந்த வீட்டுக்கு வந்தபோது இடப்பக்க ஸ்பீக்கருக்கு வயர் இரண்டடி போதவில்லை. ஒரு துண்டு வயரை எடுத்து, கையால் முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, ஜன்னல் கட்டைக்குக் கீழே செருகிவிட்டேன். ‘அப்புறம் ஒழுங்காகச் செய்துகொள்ளலாம்’ என்றுதான் நினைத்தேன். ஊருக்குத்தானே உபதேசம். அந்த ‘அப்புறம்’ வருவதற்கு முன்னால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. ஜன்னல் வழியாக அடித்த சாரல் அந்த ஒட்டில் இறங்கிவிட்டது.

வீடு திருவான்மியூரில், கடலிலிருந்து மூன்றாவது தெரு. இங்கே ஜன்னல் கம்பிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்க வேண்டும். கதவுக் கீல் முனகும். செம்பு துருப்பிடிக்காதே என்று சிலர் நினைக்கிறார்கள். அது இரும்பைப் போலச் சிவந்து உதிராது, அவ்வளவுதான். அதற்கு வருவது பச்சைக் களிம்பு. காற்றிலிருக்கும் உப்பு வயர் முனையில் படியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். எங்கள் பக்கத்தில் விடியற்காலை ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். ஆக, மழையே பெய்யாவிட்டாலும் வயர் முனை தினமும் காலையில் உப்புத் தண்ணீரில் குளிக்கிறது.

செம்பில் களிம்பு என்றால் சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு, உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலம் நினைவுக்கு வரும். உயிரோடு மலம் கூடவே இருப்பதற்கு அதுதான் உவமை. என் வயரில் இருந்த களிம்பு அப்படி அனாதியாக வந்ததல்ல. பன்னிரண்டு வருடச் சோம்பேறித்தனத்தில் வந்தது.

முதலில் எங்கே கோளாறு என்று பாருங்கள்

புது வயர் வாங்கக் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் செலவழியுங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, பிளக்கையே சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, சில நிமிடம் விடுங்கள். ஒவ்வொரு முறை வயரைத் தொடுவதற்கு முன்பும் இதைச் செய்ய வேண்டும். ஒரே ஒரு இழை பிளஸ்ஸிலிருந்து மைனஸ்ஸைத் தொட்டால் போதும், உள்ளே அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். நல்ல ஆம்ப்களில் பாதுகாப்பு ரிலே இருக்கும். அதை நம்பிச் சோதனை செய்ய வேண்டாம்.

ஆம்ப்பின் பின்புறம் இடது, வலது வயர்களை மாற்றிச் செருகுங்கள். கோளாறு பக்கம் மாறினால் ஆம்ப்பிலோ அதற்கு முன்னாலோ தகராறு. மாறாமல் அதே ஸ்பீக்கரில் இருந்தால் வயரிலோ ஸ்பீக்கரிலோ தகராறு. இப்போது ஸ்பீக்கர் பெட்டிகளை மட்டும் இடம் மாற்றுங்கள். பெட்டியோடு கோளாறும் போனால் பெட்டி. பெட்டி மாறியும் அதே பக்கம் அழுதால் வயர்தான். எனக்கு அது இடப்பக்கமே உட்கார்ந்துகொண்டது.

அடுத்து மல்டிமீட்டர். சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும். 200 ஓம் வரம்பில் வைத்து, முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். என் மீட்டர் 0.3 காட்டும், அது மீட்டர் வயரின் தடை, பிற்பாடு கழித்துவிட வேண்டும். பிறகு ஸ்பீக்கர் வயரை இரு பக்கமும் கழற்றி, ஸ்பீக்கர் பக்கத்து இரண்டு முனைகளையும் முறுக்கிச் சேர்த்து, ஆம்ப் பக்கத்தில் அளக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும் முழுத் தூரமும் இதில் வந்துவிடும்.

என் வயர் கடைக்காரர்கள் 40/76 என்று சொல்வது. 40 இழை, ஒவ்வொரு இழையும் அங்குலத்தில் பத்தாயிரத்தில் 76 பங்கு தடிமன். கணக்குப் போட்டால் 1.17 சதுர மில்லிமீட்டர். நீளம் 9 மீட்டர், போக வர 18. நல்ல செம்பாக இருந்தால் 0.27 ஓம் பக்கம் வர வேண்டும். வலப்பக்கம் கழித்தது போக 0.3 காட்டியது, சரி. இடப்பக்கம் 4.4. வயரை ஜன்னல் பக்கம் லேசாக ஆட்டினால் 11-க்கு எகிறி, திரும்ப 4-க்கு வந்தது. ஆட்டினால் எண் நகர்ந்தால் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், வேறெங்கும் தேட வேண்டாம்.

4.4 ஓம் சின்ன விஷயமில்லை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது உட்கார்ந்தால், ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய சக்தியில் 42 சதவீதம்தான் போய்ச் சேரும். அதோடு விடாது. ஸ்பீக்கரின் தடை எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு கீழ்ஸ்தாயி இடத்தில் மிக அதிகமாக ஏறும், வேறு இடங்களில் இறங்கும். நடுவில் ஒரு தடை நுழைந்தால் சில ஸ்வரம் உப்பும், சில ஸ்வரம் வற்றும். தவில் தொலைவில் கேட்டது மட்டுமல்ல, தொப்பிப் பக்கம் ‘கொழகொழ’ என்று கேட்டதற்கும் அதுதான் காரணம்.

இன்னொரு அளவும் எடுங்கள். ஸ்பீக்கர் பக்கத்து முனைகளைப் பிரித்து, ஒன்றையொன்று தொடாமல் வைத்துவிட்டு, மீட்டரை அதன் மிக உயர்ந்த வரம்பில் போட்டு ஆம்ப் பக்கத்தில் பாருங்கள். தடை அளவு எதுவும் காட்டக்கூடாது. ஏதாவது எண் தள்ளாடினால் இரண்டு வயருக்கும் நடுவில் ஈரம் இறங்கியிருக்கிறது.

பச்சையில் இரண்டு ஜாதி

வயரை வெட்டுவதற்கு முன் உறை மேலாகவே பாருங்கள். கண்ணாடி மாதிரி தெரியும் பிவிசி உறைக்குள்ளே செம்பு நீளம் முழுக்கப் பச்சையாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அது இழைகளின் மேல்தோல். பிவிசி பழசாகும்போது அதில் கலந்திருக்கும் இளக்கிப் பொருள் கெட்டுச் செம்போடு சேர்ந்தும் பச்சை வரும். உள்ளே செம்பு முழுசாக இருக்கும்வரை மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். மேலே இருக்கும் களிம்பு வழி மறிக்காது. மீட்டரில் 0.3 வருகிறதென்றால், நடுவில் பச்சையாக இருப்பது கண்ணுக்குத்தான் உறுத்தல், காதுக்கு இல்லை.

தொல்லை கொடுப்பது முனையில் இருக்கும் பச்சை. செம்பு வேறொரு உலோகத்தைத் தொடுகிற இடத்தில், அல்லது செம்பு செம்பைத் தொடுகிற ஒட்டில், இடையே படலம் நுழைந்தால் வழி அடைபடும். அதனால்தான் சொல்கிறேன், நோய் எப்போதும் முனையில்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. முனையை அழுத்தினால் பச்சைப் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு கசிந்தால், அந்த வயரை மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள். அது வயரைச் செருகும் டெர்மினலுக்குள்ளும் ஏறும். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையோடு முறுக்கு எடுக்கப் போகாதீர்கள்.

புளி போட்டுக் கெடுத்த கதை

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஒட்டைப் பிரித்தேன். டேப்பின் பசை கரைந்து தார் மாதிரி விரலில் ஒட்டியது. உள்ளே பச்சையும் கறுப்புமாக ஒரு முடிச்சு. பிரித்தபோது ஏழெட்டு இழை கையோடு வந்துவிட்டது. வயர் ஏற்கெனவே நீளம் போதாதது. வெட்டினால் இன்னும் குறையும். சமையலறையில் மனைவி வெள்ளிக்கிழமைக்காகக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு யோசனை. ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளியில் கல்லுப்புச் சேர்த்து, வயர் முனைகளை அதில் வைத்து உருட்டினேன்.

அடேயப்பா, என்ன பளபளப்பு! தண்ணீரில் அலசி, துணியில் துடைத்து, மறுபடி முறுக்கி, புது டேப் சுற்றினேன். மீட்டரில் 0.4. தவில் திரும்ப வந்துவிட்டது. ஒன்பதாம் நாள் மறுபடி காணவில்லை.

பிரித்துப் பார்த்தால் முன்பைவிட மோசம். விளக்கைப் புளியால் தேய்த்தால் எல்லாப் பக்கமும் தண்ணீர் ஓடிக் கழுவிவிடும். வயரில் 40 இழை. இழைக்கும் இழைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. திரி எண்ணெயை இழுப்பது மாதிரி, அந்த இடைவெளி புளிக்கரைசலை உறைக்குள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. வெளியே அலசினால் அது வராது. உள்ளே அமிலமும் உப்பும் நிம்மதியாக உட்கார்ந்து செம்பைத் தின்றிருக்கிறது. எலுமிச்சை, வினிகர், பித்தளைப் பாத்திரம் தேய்க்கும் பொடி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். டெர்மினலின் திடமான பித்தளையை அப்படித் தேய்த்துக் கழுவலாம். பல இழை வயரை ஒருபோதும் கூடாது.

உப்புத்தாளால் தேய்க்கலாமா என்று கேட்பீர்கள். மேல் இழை பளபளக்கும், உள் இழை கறுப்பாகவே இருக்கும், நடுவில் பத்து இழை அறுந்துபோகும்.

வெட்டுகிற முறை

முனையிலிருந்து ஒரு அங்குலம் வெட்டி, சீவிப் பாருங்கள். கறுப்பா? இன்னும் ஒரு அங்குலம். பழுப்பா? இன்னும் ஒன்று. புதுப் பைசா மாதிரி ரோஜா நிறச் செம்பு வரும்வரை போய்க்கொண்டே இருங்கள். எனக்கு முதல் இரண்டு அங்குலம் கன்னங்கரேல், ஐந்தாவதில் பழுப்பு, எட்டாவது அங்குலத்தில்தான் நல்ல செம்பு கண்ணில் பட்டது. பழுப்பு நிறத்திலேயே நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாதீர்கள், அதில் சால்டரும் (உருக்கி ஒட்டும் ஈயம்) பிடிக்காது, ஆறு மாதத்தில் மறுபடி அதே இடத்துக்கு வருவீர்கள்.

சீவும்போது பிளேடை வயரைச் சுற்றி அழுத்தி ஓட்டக்கூடாது. இழை வெட்டுப்படும். நான் வயரை விரல் மேல் மடித்து வைத்துக்கொண்டு, மடிப்பின் முதுகில் பிளேடை லேசாகத் தொடுவேன். உறை தானே வாய் பிளக்கும். திருப்பி மடித்து மறுபக்கமும் அப்படியே. பிறகு இழுத்தால் உறை கழன்று வரும், ஒரு இழைகூட போகாது. 10-லிருந்து 12 மில்லிமீட்டர் சீவினால் போதும். செருகிய பிறகு டெர்மினலுக்கு வெளியே வெறும் செம்பு தெரியக்கூடாது.

வெட்டிய பிறகு வயர் மொத்தம் மூன்றடி குறைந்துவிட்டது. மறுபடி ஒட்டுப் போட எனக்கு மனசில்லை. ஆம்ப் வைத்திருக்கிற ஸ்டாண்டைப் பிடித்து, மூன்றடி இடப்பக்கம் நகர்த்தினேன். வயர் எட்டிவிட்டது. வலப்பக்க வயர் சுருளாக மிச்சம் இருந்தது, அதுவும் எட்டியது.

“இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாமே” என்றாள் என் மனைவி.

சரிதான். முப்பத்திரண்டு வருடம் நான் பிறருக்குச் சொன்னதும் அதுதான்: ஜாயின்ட் இல்லாத கேபிள்தான் நல்ல கேபிள்.

ஒட்டுப் போட்டே ஆக வேண்டுமென்றால்

சுவருக்குள் குழாயில் போன வயரை மாற்ற முடியாது. அப்போது ஒட்டுத்தான் கதி. சூடு பட்டால் சுருங்கும் குழலான ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை முதலில் வயரில் ஏற்றிக்கொள்ளுங்கள். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அருமையாகச் சால்டர் வைத்து முடித்து, ஊதி ஆறவைத்துவிட்டு, ஸ்லீவ் மேஜை மேல் இருப்பதைப் பார்க்காத ஜாயின்டர் தமிழ்நாட்டில் இல்லை.

பிளஸ் வயரையும் மைனஸ் வயரையும் ஒரே இடத்தில் வெட்டாதீர்கள். ஒன்றை இரண்டு அங்குலம் தள்ளி வெட்டினால் இரண்டு ஒட்டும் பக்கத்துப் பக்கத்தில் வராது. நாளைக்கு ஒரு ஸ்லீவ் கிழிந்தாலும் ஷார்ட் ஆகாது. இரண்டு முனைகளையும் குறுக்கே வைத்து, ஒன்றை மற்றொன்றின் மேல் எதிரெதிராகச் சுற்றி, இழுத்தால் வராதபடி செய்துவிட்டு, பிறகே சால்டரிங் அயர்ன். சூட்டை வயருக்குக் கொடுங்கள், ஈயத்துக்கு அல்ல. வயர் சூடேறி, அதில் தொட்ட ஈயம் தண்ணீர் மாதிரி இழைகளுக்குள் ஓட வேண்டும். மேலே உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை. உள்ளேயே குங்கிலியப் பசை வைத்த எலெக்ட்ரானிக்ஸ் ஈயமாக வாங்குங்கள். தகர வேலைக்குப் பயன்படுத்தும் ஆசிட் இங்கே வரவே கூடாது. புளியால் நடந்ததுதான் நடக்கும்.

ஸ்லீவை ஏற்றி, லைட்டரின் தீ படாமல் அதன் சூடு மட்டும் படுகிற மாதிரி ஓட்டிச் சுருக்குங்கள். ஜன்னல், பால்கனிப் பக்கம் என்றால் உள்ளே பசை தடவிய ஸ்லீவ் கிடைக்கும், அதை வாங்குங்கள். சுருங்கும்போது இரு ஓரத்திலும் பசை கொஞ்சம் பிதுங்கி வந்தால் தண்ணீர் இறங்காது. ஜன்னல் கண்ணாடி ஒட்டும் சிலிகானை மட்டும் மேலே பூசிவிடாதீர்கள். காயும்போது வினிகர் வாடை வருகிறதே, அது அசெட்டிக் அமிலம்தான். செம்பைப் பாதுகாக்கப் போய் நாமே அமிலத்தை ஊட்டிவிடுவோம். வாடை வராத நியூட்ரல் ரகம் தனியாக விற்கிறது.

டெலிபோன் வேலையில் யூ-ஒய் கனெக்டர் என்று ஒன்று உண்டு. இரண்டு வயரைச் சீவாமல் அப்படியே உள்ளே விட்டு ப்ளேயரால் அழுத்தினால் போதும். உள்ளே ஜெல் இருக்கும், தண்ணீர் போகாது. எனக்குப் பிரியமான சாமான். ஆனால் அது மெல்லிய ஒற்றைக் கம்பிக்கு, அரை மில்லிமீட்டர் பக்கம் இருக்கும் வயருக்கு. தடித்த பல இழை ஸ்பீக்கர் வயருக்குச் சரிவராது. ஜாயின்டர் யாராவது படித்தால் கை துறுதுறுக்கும், அதற்காகச் சொன்னேன்.

டெர்மினலில்

ஆம்ப்பின் பின்னால் இருக்கும் டெர்மினலையும் ஸ்பீக்கரின் டெர்மினலையும் பார்க்காமல் வயரை மட்டும் சரிசெய்தால் பாதி வேலைதான். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். குச்சி கறுத்தால் இன்னொன்று. பித்தளைத் திருகில் பச்சை கெட்டியாக இருந்தால் நுண்ணிய எமரித் தாளால் இரண்டு சுற்று. தங்க முலாம் போட்டதாக இருந்தால் எமரி தொடக்கூடாது; முலாம் போய்விட்டால் அடியில் இருக்கும் உலோகம் இன்னும் சீக்கிரம் கெடும்.

திருகி இறுக்கும் டெர்மினலில், முனைக்கு ஈயம் பூசிச் செருகுவது பலர் செய்கிற தவறு. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் ஈயம் மெத்தென்று இருப்பதால் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும். ஒரு வருடத்தில் திருகு தளர்ந்திருக்கும். வெறும் இழைகளை நன்றாக முறுக்கி இறுக்குங்கள், அல்லது ஃபெரூல் என்ற சின்னக் குழல் முனையை மாட்டி நசுக்கிச் செருகுங்கள். அழுத்தினால் திறக்கும் ஸ்பிரிங் கிளிப் டெர்மினலில் ஈயம் பூசிய முனை பரவாயில்லை, அங்கே ஸ்பிரிங் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்கும். பனானா பிளக் மாட்டினால் கழற்றி மாட்ட வசதி. சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்கும். ஆனால் பிளக்கின் உள்ளேயும் வயர் ஒரு சின்னத் திருகில்தான் நிற்கிறது, அதையும் இறுக்க மறக்க வேண்டாம்.

இறுக்கிய பிறகு, வெளியே தெரியும் இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லியை விரல் நுனியால் மெல்லப் பூசுங்கள். உள்ளே உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஜெல்லி வெளியிலிருந்து காற்றை மட்டும் தடுக்கும். டெலிபோன் கேபிளுக்குள்ளேயும் ஜெல்லி நிரப்பியே வைத்திருப்பார்கள், தண்ணீர் ஓட இடம் கொடுக்காமல்.

டெலிபோனில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எக்ஸ்சேஞ்சில் பேட்டரியின் பிளஸ்ஸைத்தான் பூமியோடு சேர்ப்பார்கள். லைனில் வருவது மைனஸ் 48 வோல்ட். ஈரத்தில் கரைவது பிளஸ் பக்கத்துச் செம்பு என்பதால், மண்ணுக்குள் கிடக்கும் கேபிளைக் காப்பாற்ற அந்த ஏற்பாடு. ஸ்பீக்கர் வயரில் ஓடுவது முன்னும் பின்னும் மாறி மாறிப் போகும் மின்சாரம். அதனால் அந்த மாதிரி ஒரு பக்கமாகக் கரையாது. இங்கே காற்றும் உப்பும் உறையும்தான் எதிரிகள்.

புது வயர் வாங்குவதானால்

மாடி வீட்டுப் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். நான் தரையில் வயரோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “அங்கிள், ஆக்ஸிஜன் ஃப்ரீ காப்பர் வாங்கிடுங்க, பச்சையே வராது” என்றான்.

“டப்பாவில அப்படியா போட்டிருக்கான்?”

“போடலை, ஆனா ஆக்ஸிஜனே இல்லையே அங்கிள்.”

ஆக்ஸிஜன் இல்லாதது உருக்கி வார்க்கும்போது செம்புக்குள்ளே. திருவான்மியூர்க் காற்றில் ஆக்ஸிஜன் இருக்கத்தானே செய்கிறது. சாதாரண மின்கம்பிச் செம்பிலேயே ஆக்ஸிஜன் ஒரு சதவீதத்தில் நூறில் சில பங்குதான். இரண்டும் மின்சாரத்தைக் கடத்துவதில் வித்தியாசம் அளந்தாலே தெரியாத அளவு. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க நான் தயாரில்லை.

கவனிக்க வேண்டியது வேறு: அது செம்புதானா என்பது. மலிவாகக் கிடைக்கும் வயர்களில் பல, அலுமினியத்துக்கு மேலே செம்பு முலாம் போட்டவை. சிசிஏ என்று எழுதியிருப்பார்கள், சிலர் எழுதவும் மாட்டார்கள். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக வந்தால் அலுமினியம். தூக்கிப் பார்த்தாலே கனம் இருக்காது. கடற்கரையில் இதன் முனை வெள்ளைப் பொடியாகி, தொட்டால் முறியும். அலுமினியத்தில் சாதாரணமாகச் சால்டரும் ஒட்டாது. இதற்கு நேர்மாறு, வெள்ளீயம் பூசிய செம்பு. வெளியே வெள்ளி நிறம், சுரண்டினால் உள்ளே சிவப்பு. படகுகளுக்கு அந்த வயர்தான் போடுவார்கள். கடல் பக்கம் இருப்பவர்கள் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

தடிமனுக்கு என் கணக்கு: போக வர மொத்தத் தடை ஸ்பீக்கர் தடையில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம். 10 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு தாராளம். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2.5.

வயரை இழுக்கும்போது ஜன்னலுக்கு அடியிலோ, பால்கனியிலிருந்து உள்ளேயோ வந்தால், சுவர்த் துளைக்கு முன்னால் ஒரு தொங்கல் விடுங்கள். வயர் கீழே இறங்கி, பிறகு மேலேறி உள்ளே நுழைய வேண்டும். வயர் வழியாக ஓடி வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது. இரு முனையிலும் ஒரு அடி சுருட்டி மிச்சம் வையுங்கள். அடுத்த தடவை வெட்டுவதற்கு அதுதான் மூலதனம்.

மாட்டும்போது பிளஸ் பிளஸ்ஸோடு, மைனஸ் மைனஸ்ஸோடு. வயரின் ஒரு பக்கத்தில் கோடோ எழுத்தோ மேடோ இருக்கும்; இரு முனையிலும் அதே பக்கத்தைப் பிளஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் போன பழைய வயரில் எது எது என்று தெரியாவிட்டால், ஆம்ப் பக்கத்தில் வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ‘டப்’ என்று சத்தம் வரும்போது ஸ்பீக்கர் கூம்பு வெளியே வந்தால், பெரும்பாலான ஸ்பீக்கர்களில், பேட்டரியின் பிளஸ் பட்ட வயர்தான் பிளஸ். ஒரு பக்கம் மாறிப்போனால் எதுவும் எரியாது, ஆனால் கீழ்ஸ்தாயி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும்; நடுவில் கேட்க வேண்டிய பாட்டு ஹால் முழுக்க அலையும்.

பிறகு வருடத்துக்கு ஒரு தடவை திருகை இறுக்கினால் போதும். நான் ஆயுத பூஜையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். எப்படியும் ஆம்ப்பைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைக்கத்தான் போகிறோம். அன்றைக்கே பின்பக்கமும் திருப்பி, திருகுகளை அரைச் சுற்று, மீட்டரில் ஒரு அளவு. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னாலோ தொடங்கும் சமயத்திலோ அந்த நாள் வந்துவிடுகிறது, அது ஒரு வசதி.

இடப்பக்கம் இப்போது 0.3. தவில் சோபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறது. நகர்த்திய ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரில் பழைய பெயின்ட் நீளச்சதுரமாகத் தெரிவதுதான் இப்போது வீட்டில் பிரச்சினை.